மாமா பாஸாகிவிட்டார்

அந்த முதியோர் ஆபீஸ் ஜன்னலுக்குக் கிரில் அடித்துக் கொடுத்ததே இரும்புப் பட்டறைக்காரரான இவர்தான். பேசுகிற ஓட்டையைக் கொஞ்சம் தாழ்வாக வைக்கச் சொன்னார்கள், வைத்தார். கேள்வி கேட்க வருகிறவன் குனிந்துதான் கேட்க வேண்டும் என்பது அப்போது இவருக்கு உறைக்கவில்லை. மூன்று வருஷம் அதே ஓட்டைக்கு முன்னால் தானே குனிந்து நின்று இடுப்பு விட்டுப்போன பிறகுதான் உறைத்தது. அந்த எரிச்சல் இன்றுவரை ஆறவில்லை.

குனிந்தது அக்காவுக்காக. அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வோடு மறதி நோயும் கைகோத்துக்கொண்டு வந்தது. டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார், மாத்திரை எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கதவைத் திறந்துகொண்டு மனுஷன் கிளம்பினால் என்ன செய்வது, சாப்பிட்டதை மறந்து சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது, பார்த்துக்கொள்கிறவளுக்கு உடம்பு முடியாமல் போனால் யாரைக் கேட்பது, ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் முதியோர் ஆபீஸைக் கை காட்டினார்கள். முதியோர் ஆபீஸ் வேறொரு மாடியைக் காட்டியது. அந்த மாடி திரும்பவும் ஆஸ்பத்திரியைக் காட்டியது. போன் போட்டால் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று ஒரு குரல். அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் சொன்னது மருந்துக்கடைக்காரர். மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே, "நோயாளியைப் பார்த்துக்க பகல்ல வீட்டுக்கே ஆள் அனுப்புற திட்டம் ஒண்ணு முதியோர் ஆபீஸ்ல இருக்கே, உங்ககிட்ட யாருமே சொல்லலையா?" என்றார். இவருக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

அப்போது அக்காவுக்கு அந்த ஆள் கட்டாயம் வேண்டியிருந்தது. மாமாவைத் தூக்கித் தூக்கிக் குடலிறக்கம். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்; அதற்குப் பிறகு ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது. இவர் பகல் முழுக்க ஏணியில் நிற்கிறவர். பகலுக்கு ஆள் கிடைக்காவிட்டால் தேதி போய்விடும்.

விண்ணப்பம் போட்டதும், மாமாவால் தானாக என்னென்ன செய்ய முடிகிறது என்று மார்க் போட ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வீட்டுக்கு வந்து பார்த்தார். வருகிறவர்கள் முன்னால் வீடு அலங்கோலமாக இருக்கலாமா? அக்கா காலையிலேயே கூட்டித் துடைத்து, மாமாவைக் குளிப்பாட்டி, முகம் மழித்து உட்கார வைத்திருந்தாள். கட்டிலிலிருந்து கழிவறை வரை சுவரோடு கைப்பிடிக் கம்பி, இவர் பற்றவைத்தது. மாமா அதைப் பிடித்து ஜம்மென்று எழுந்தார். சட்டையில் பட்டனையெல்லாம் அறுத்துவிட்டு, அமுக்கினால் ஒட்டிக்கொள்கிற வெல்க்ரோ பட்டையை அக்கா தைத்திருந்தாள். அவள் எடுத்து நீட்ட, மாமா மாட்டிக்கொண்டு மார்பில் ஒரு தட்டு தட்டினார். சட்டை மூடிக்கொண்டது.

"உள்ள தள்ளி உட்காருங்கம்மா, முன்னாடி இடம் காலியா இருக்கு பாருங்க!" என்றார் வந்தவரிடம். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து, நன்றாகப் பேசுகிறார் என்று எழுதிக்கொண்டார்.

அவர் படி இறங்கியதும் மாமா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த ஸ்டாப்ல இறங்கணும்மா?"

தானாக எழுகிறார், தானாக உடுத்துகிறார், உதவி தேவையில்லை என்று கடிதம் வந்தது. இவர் நேரே அந்த ஓட்டைக்குப் போய்க் குனிந்தார்.

"சார், கம்பி நான் வச்சது. சட்டை எங்கக்கா தச்சது. அதுக்கு அவருக்கா மார்க் போடுவீங்க?"

"அவரா எழுந்தாரா, இல்லையா?"

"எழுந்தாரு."

"அப்புறம் என்ன சார்? வேணும்னா மறுபடி பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். எழுத்து இவருக்கு இரும்பைவிடக் கனம். மூன்று தாள் கிழிந்தது. மறுபடி வருவதாக நாள் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்பு.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் இவர் இரும்பு அறுக்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

"என்னடா இது?"

"கம்பியை அறுத்துடறேன். அப்பத்தான் அவங்களுக்குப் புரியும்."

"அறுத்தா விழுவாரு. யாரு தூக்குவா? நானா, இந்த வயித்தோட?" அக்கா தையல் மிஷினை நிறுத்தினாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு. "படிக்கிற காலத்துல ஒரு பரீட்சை ஒழுங்கா தேறாத மனுஷன், போயும் போயும் இதுல பாஸாயிட்டாரு பாரு."

"சிரிக்காதக்கா. வயிறு எரியுது."

"தப்பு நம்ம மேலடா. அன்னிக்கு அந்தம்மா பார்த்தது உங்க மாமாவை இல்லை, என்னை. குளிப்பாட்டினது நான், சட்டையைச் சரியாத் திருப்பிக் கொடுத்தது நான். நாளைக்கு அவங்க வர்றப்ப நான் பக்கத்து வீட்ல உட்கார்ந்துக்கறேன். நீ இங்க இரு."

"இருந்து?"

"ஒண்ணும் பண்ணாதே. விழப்போனா மட்டும் பிடி. மத்தபடி சட்டையைக் கால்ல மாட்டினாலும் சரி, கழிவறை எதுன்னு தெரியாம அடுப்படியில போய் நின்னாலும் சரி, எழுந்திரிக்காதே. எடுத்துக் கொடுக்காதே. கையைக் கட்டிக்கிட்டு உட்காருடா, எனக்காக."