ஊறுகாய் பாட்டிலில் ஊறவைத்த ரொட்டி மாவு

ரொட்டிக்கான புளித்த மாவைக் காயவைத்து, பெங்களூரில் இருக்கும் தோழி கூரியரில் அனுப்பியிருந்தாள். பார்க்க அப்பளத் துண்டு மாதிரி இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கோதுமை மாவு கலந்தால் உயிர் வந்துவிடும் என்றாள். எனக்கு எதையும் உடனே செய்து பார்த்தாக வேண்டும். காலி ஊறுகாய் பாட்டிலில் பாதித் துண்டுகளைக் கலந்து வைத்தேன். மறுநாளும் ஒரு குமிழிகூட வரவில்லை. எறும்பு ஏறுகிறதே என்று மூடியை இறுக்கித் திருகிவிட்டு, அதை மறந்தும் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்படியில் டமார் என்று சத்தம். அம்மா தாயில்பட்டி பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். படுத்திருந்தவர் எழுந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினார்.

"உள்ள யாரெல்லாம் இருக்காக?" என்று கத்தினார்.

அது கம்பெனியில் சத்தம் கேட்டால் கேட்கும் கேள்வி. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"மாவு பாட்டில்தாம்மா வெடிச்சிருச்சு" என்றேன்.

"மாவு வெடிக்கிறதுக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கீகளா?" என்றார் எதிர்வீட்டு அக்கா. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, என் கையை விடவும் இல்லை.

பிறகு கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளினேன். சுவரில் ஒட்டியிருந்த மாவு முழுக்கக் குமிழிகள்.

மீதித் துண்டுகளை இப்போது அகலக் கிண்ணத்தில் ஊறவைத்து, மேலே துணி மட்டும் போடுகிறேன். புளிக்கும் மாவிலிருந்து காற்று வெளியேற வழி வேண்டும். நீங்களும் மூடியை இறுக்காதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது மூடியே கிடையாது. ஆனாலும் காலையில் கம்பெனி வண்டி ஏறும் முன், அம்மா அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.