ரத்தம் பார்ப்பவர்

அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே அம்மாவோடு காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கி விற்பவர். மனைவியைக் கூட்டி வந்திருந்தார். வேட்டியில் புழுக்கை வாசம். ஆட்டுக்கு ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் பார்த்துவிட்டு, "தாங்கும்" என்றார்.

மதியம் நர்ஸ் வந்து, அவர் மனைவியை ஸ்கேனுக்கு அடுத்த மாதம் வரச் சொன்னார். "அவசரம்னா வெளிய எடுத்துக்கங்க."

"இருந்த ஆடெல்லாம் மருந்துக்கே போயிருச்சும்மா" என்றார். நர்ஸ் போய்விட்டார்.

அவர், மனைவியின் இமையை இழுத்தார். வெளுத்திருந்தது.

"எப்படி இருக்கு?" என்று அந்தம்மா கேட்டார்.

"ஆடா இருந்தா இன்னைக்கே கறிக்குத் தள்ளிவிட்டிருப்பேன்."

அந்தம்மா மட்டும் சிரித்தார். அவர் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.