கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும் அறிவியல்

கோட்டூர்புரத்தில் நாங்கள் வடிவமைத்த அறிவியல் கூடத்துக்கு இன்று போயிருந்தேன். நாங்கள் என்றால் நானும் முரளியும்.

அங்கே ஒரு சுழலும் மேடை உண்டு. குழந்தை ஏறி நின்று கையை விரித்தால் மெதுவாகச் சுற்றும், மார்போடு சேர்த்தால் வேகம் எடுக்கும்.

"தொட்டுப் பார்க்காம எதுவும் மண்டையில ஏறாதுடி" என்று முரளி சொல்லிச் சொல்லித்தான், கையிலிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினேன். 'தொடாதீர்கள்' என்ற பலகையே இங்கே வரக்கூடாது என்று அவன்தான் சத்தியம் வாங்கினான்.

பலகை வரவில்லை. மேடையைச் சுற்றிக் கயிறு வந்திருக்கிறது.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வகுப்பே தரையில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம், மேடைமேல், இப்போது கூடத்துக்குப் பொறுப்பாளராகிவிட்ட முரளி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் கையைக் கட்டுங்க! சார் சுத்துறத மட்டும் பாருங்க!" என்று சுற்றியபடியே சொன்னான்.

"சார், நானு?" என்றாள் ஒரு சிறுமி.

"உடைஞ்சா யாரும்மா பதில் சொல்றது?"

அவனை ஓரமாக இழுத்தேன். "என்னடா இது?"

"கோச்சுக்காத. பசங்கள விட்டா ஒரே வாரத்துல கழட்டிடுவாங்க. இப்போ பாரு, புதுசு மாதிரியே இருக்கு."

அதைப் பெருமையாக வேறு சொன்னான்.

கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கையை மார்போடு சேர்த்தால் வேகம் கூடும் என்பது கோபத்துக்கும் பொருந்துகிறது.

உங்கள் பிள்ளையைப் பள்ளியில் அங்கே கூட்டிப்போயிருந்தால், என்ன கற்றுக்கொண்டது என்று கேட்டுச் சொல்லுங்கள். "சார் நல்லா சுத்துவாரு" என்பதைத் தவிர.