நாய் தின்ன இறைச்சி

இலங்கையில் நிவித்திகலைப் பக்கம் பஸ் ஓடாத காலம் அது. நாங்கள் கூலிகளாக இருந்த ரப்பர் தோட்டத்தில் அப்பாவுக்கு இறைச்சிப் பெட்டி சுமக்கும் வேலை. வாரத்தில் இரண்டு நாள் இரத்தினபுரிக்கு நடந்து போய், துரை பங்களாவுக்கு மாட்டிறைச்சியும் பாண் ரொட்டியும் வாங்கி, தகரப் பெட்டியில் வைத்துத் தலையில் சுமந்து வருவார். பெட்டிக்குப் பூட்டு உண்டு. ஒரு சாவி இறைச்சிக் கடையில், இன்னொன்று பங்களாவில். நாங்கள் மாட்டிறைச்சி தொடாதவர்கள். அப்பா குளித்துவிட்டுத்தான் கூலிகள் குடியிருந்த லயத்துக்குள் வருவார்.

அந்த மலையில் ஒருவருடைய இனத்தைச் சொன்னால் அவர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று சொல்லிவிடலாம். வெள்ளைக்காரத் துரைக்கு இறைச்சி. ஐரோப்பியக் கலப்பினப் பறங்கிக் கிளாக்கருக்கு மீனும் முட்டையும். ரப்பர் பால் வெட்ட வரும் சிங்கள ஊர்க்காரருக்கும் கூலி சொற்பம்தான்; ஆனாலும் சொந்த வீட்டு வளவில் பலாக்காயாவது இருந்தது. தமிழரான எங்களுக்குத் தோட்டத்து அரிசி. அதற்கும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு மழையில் இரத்தினபுரி வழியிலிருந்த ஆறு பெருகித் தோணி நின்றுவிட்டது. அப்பா மறுநாள் வரை அக்கரையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். இறைச்சி நாறத் தொடங்கியது. அங்கே கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவர் இரக்கப்பட்டு உப்புக் கொடுத்தாராம். பூட்டிய பெட்டிக்குள் உப்பை எப்படிப் போடுவது?

துரை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இறைச்சியை நாய்களுக்குப் போடச் சொன்னார். அதன் விலையை அப்பாவின் சம்பளத்தில் பிடிக்கவும் சொன்னார்.

அம்மா இடுப்பில் தம்பியோடு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளாக்கரிடம் போனாள்.

"நாய் தின்ன கறிக்கு நாங்க காசு குடுக்கணுங்களா ஐயா? கைப்புள்ள இருக்கு. அரிசிய மட்டும் கொறச்சுடாதீங்க."

கிளாக்கர் சிரித்தார். "அந்த நாய்க்கு ஒரு மாசம் ஆகுற செலவு ஒன் புருசன் சம்பளத்தவிடக் கூட. பேசாமப் போ."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சம்பளம் எழுதுகிறவர் அவர்தான், சொன்னது பொய்யில்லை.

அந்த மாதம் அரிசி பாதியாகக் குறைந்தது. அம்மாவுக்குப் பால் வற்றிப்போனது. தம்பிக்குக் கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துக் கொடுத்தோம்.

இறைச்சி கெட்ட அடுத்த வாரமே அப்பா மறுபடியும் பெட்டியைத் தூக்கினார். இவ்வளவு நடந்தும் துரை அப்பாவையே அனுப்புகிறாரே, அவர்மேல் எத்தனை நம்பிக்கை என்று லயத்துப் பிள்ளைகளிடம் பெருமையடித்தேன். இறைச்சிக் கடன் தீராமல் இவன் எங்கே போய்விடப் போகிறான் என்ற தைரியம்தான் அது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.