பக்கத்தில் பேசாமல் வருகிறவர்

லொறி ஓட்டப் பழக்குவது லேசான வேலை. பழகினவரை லைசென்ஸ் சோதனைக்குக் கூட்டிப்போவதுதான் வில்லங்கமான வேலை. எந்தச் சோதனைக்காவது ஒருமுறை போய் வந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. தேசிக்காய்த் தண்ணீர் குடித்தவர்கள், திருநீற்றை ஸ்ரேறிங் வளையத்திலும் பூசியவர்கள், லொறியைச் சுற்றி மூன்று முறை கும்பிட்டவர்கள் எல்லோரையும் ஊர்காவற்றுறையில் நான் பழக்கியிருக்கிறேன். ஆனால் பயத்தை வென்ற கதை என்று யாரும் கேட்டால், வேலணைச் சின்னராசாவின் கதையைத்தான் சொல்வேன்.

கோபக்காரப் பெரியவர்

சின்னராசா கலியாணம் செய்த பிறகும் தெற்கே மாத்தறையில் ஒரு கடையில் வேலை செய்தவர். சித்திரை வருடப்பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் வீட்டுக்கு வருவார். ஊர்ச் சங்கத்து லொறிச் சாரதி ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும், கடையை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். சங்கத்தார் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் லைசென்ஸ் எடுத்தால் வேலை அவருக்கு. எடுக்காவிட்டால் வெளியூரிலிருந்து ஆள் வரும். சின்னராசா திரும்பவும் மாத்தறைக்குப் பஸ் ஏற வேண்டும்.

ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் முதற் சோதனை. லொறி என்னுடையது என்பதால் பின்தட்டில் நிற்கச் சோதனை அதிகாரி என்னை விட்டார். முன்பக்கத்துச் சிறு ஜன்னலால் எல்லாம் தெரிந்தது. அதிகாரி பக்கத்தில் ஏறி, "லொறியை எடும்" என்றார். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. சின்னராசா அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார். மூன்றாம் முறை பார்த்தபோது லொறி நிறுத்தற் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

நமது யாழ்ப்பாணத்துத் தீவுகளில் லொறியில் ஏறுகிறவர் கதைத்துக்கொண்டுதான் வருவார். சாரதி தனிமைப்படக்கூடாது என்பது ஏறுகிறவரின் கடமை. ஒருவர் பக்கத்தில் இருந்தும் பேசவில்லை என்றால், இரண்டு வீட்டுக்கும் இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் இறங்கியதும் சின்னராசா என்னிடம் கேட்டார்: "அந்த ஐயாவுக்கு என்னோடை என்ன கோபம், அண்ணை? நான் அவரை இண்டைக்குத்தானே கண்டனான்!"

மாமாவின் கடை

அதிகாரி கோபக்காரர் அல்ல, அது அவருடைய வேலை முறை என்று பொறுமையாக விளங்கப்படுத்தினேன். "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். ஆனால் இரண்டாம் சோதனையில், அந்த மௌனத்தைத் தாங்க ஏலாமல் தானே கதைக்கத் தொடங்கிவிட்டார். ஐயாவுக்கு எந்த ஊர், வேலணைப் பக்கம் ஆரும் சொந்தமோ என்றெல்லாம் கேட்டார். அதிகாரி வாய் திறக்கவில்லை.

அந்தக் காலத்தில் வாகனத்தின் குறிகளைக் கையால் காட்டுவோம். வலது கையை வெளியே நேராக நீட்டினால், "வலப்பக்கம் திரும்பப் போகிறேன்" என்று பொருள். பெரியகடைச் சந்தைப் பக்கம் வந்ததும் சின்னராசாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. பதில் வராத இடத்தில் வேடிக்கையாவது காட்டலாமே! வலது கையை முழுதாக நீட்டி, "உந்தா, அதுதான் எங்கடை மாமாவின்ரை கடை" என்றார்.

பின்னால் வந்த பஸ்காரர் அந்தக் கையை நம்பி இடப்பக்கமாக முந்தப் பார்த்தார். லொறி திரும்பாமல் நேரே போனது. பஸ்ஸின் பிறேக் கிறீச்சிட்டதில் நான் பயந்து பின்தட்டில் குந்திவிட்டேன். அதிகாரி அன்று முதன்முறையாகப் பேசினார்: "மாமாவின்ரை கடை நல்ல கடைதான், தம்பி. ஆனால் லொறி அங்கை போகேல்லையே."

பின்னால் கடல்

வருடம் முடியுமுன் இன்னும் ஒரு சோதனைக்குத்தான் இடம் இருந்தது. சின்னராசா சோறு தின்னாமல் மெலிந்தார். நான் அவரை ஏற்றத்தில் லொறி எடுக்கப் பழக்க ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். தீவுகளில் மேடு கிடையாது. காரைநகர் வள்ளங்கள் வந்து நிற்கும் இடத்துச் சரிவு ஒன்றுதான் எங்கள் மலை. லொறியைக் கரையைப் பார்க்க நிறுத்தி, கைப்பிறேக்கை விட்டு, ஓர் அங்குலமும் பின்னுக்கு உருளாமல் எடுக்க வேண்டும். உருண்டால் கடல். அந்தச் சரிவில் நின்று, கதவைத் திறந்து இறங்கி ஓடியவர்களும் உண்டு.

சின்னராசா ஏதோ கொடியில் காய்ந்த வேட்டியை எடுப்பது போல லொறியை எடுத்தார். மறுபடி செய்யச் சொன்னேன், மறுபடியும் அப்படியே. "சின்னராசா, பின்னாலை கடல் நிக்குது, உமக்குப் பயமில்லையோ?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "கடலுக்கு ஏன் பயம், அண்ணை? அது ஓயாமல் கதைச்சுக்கொண்டெல்லோ நிக்குது."

மனோன்மணியின் விரதம்

அந்தப் பதில்தான் எனக்கு வழி காட்டியது. கியருக்கும் கிளச்சுக்கும் பயிற்சி போதும். இனி மௌனத்துக்குத்தான் பயிற்சி வேண்டும். முதலில் நானே பேசாமல் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அல்லைப்பிட்டி வருமுன், "கிளச்சிலை கால் வையாதையும்!" என்று கத்திவிட்டேன். பழக்குகிறவன் வாயைப் பூட்ட ஏலாது. சங்கத்துக் கணக்கப்பிள்ளை ஒருநாள் வந்தார். வழியில் தன் மாட்டைக் கண்டதும் அதன் பால் கணக்கைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் சின்னராசாவின் மனைவி மனோன்மணி, "அண்ணை, நான் இருக்கிறன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். மனோன்மணி கிணற்றடியில் கதைத்தால் சந்தியில் நிற்பவர் பதில் சொல்வார். அவர் சிரிக்கவில்லை. "இவர் கடையிலை நிண்ட வருசமெல்லாம் நான் ஆரோடை கதைச்சனான்? இன்னும் கொஞ்சநாள் வாயை மூடினால் ஒண்டும் குறைஞ்சிடாது" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் குடையை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, முகத்தை அதிகாரியைப் போல வைத்துக்கொண்டு, வேலணையிலிருந்து குறிகட்டுவான் வரை அவர் பேசாமல் வருவார். முதல்நாள் சின்னராசா வேர்த்துக் கொட்டினார். சந்தியில் நின்ற பெண்கள், "மனோன்மணி அக்கா, எங்கை பயணம்?" என்று கேட்டார்கள். அவர் திரும்பவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு புங்குடுதீவுப் பாலத்தைத் தாண்டுவதைப் பின்தட்டில் நின்று பார்த்திருக்கிறேன். எந்தச் சோதனையிலும் நான் அப்படி ஒரு உறுதியைக் கண்டதில்லை.

நாளாக நாளாகச் சின்னராசாவின் பயம் ஆறியது. ஆனால் ஊர் ஆறவில்லை. புருஷனும் பெண்சாதியும் கோபம் என்று கதை பரவி, புங்குடுதீவில் இருந்த மனோன்மணியின் தம்பி காதுக்கும் போனது. அவர் சைக்கிளில் விரைந்து வந்து, நடுவழியில் லொறியை மறித்தார். என்ன நடந்தது என்று அக்காவைக் கேட்டார். பயிற்சி முடியவில்லை என்பதால் அக்கா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கையைக் கூப்பிக்கொண்டு அடுத்த பக்கம் போனார்: "அத்தான், என்ன பிழை விட்டனீங்களோ எனக்குத் தெரியாது. முதல் மன்னிப்புக் கேளுங்கோ!"

மூன்றாம் தரம்

கடைசிச் சோதனைக்கும் அதே அதிகாரி. அவர் ஏறி இருந்ததும் சின்னராசா அவரை ஒருமுறை பார்த்தார். அந்த ஆசனத்தில் அவருக்கு யார் தெரிந்தார் என்று எனக்குத் தெரியும். பிறகு பாதையை மட்டும் பார்த்தார். நிறுத்தற் கோட்டில் நின்றார். மாமாவின் கடையைக் கடக்கையில் மாமாவே வாசலுக்கு வந்து கையசைத்தார். சின்னராசாவின் இரண்டு கையும் ஸ்ரேறிங்கை விட்டு அசையவில்லை. ஏற்றத்தில் ஓர் அங்குலமும் உருளவில்லை. நான்தான் பின்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன்.

லொறி வந்து நின்றது. அதிகாரி இறங்கவில்லை. சின்னராசாவின் பக்கம் திரும்பினார். தோல்விதான் என்று நான் கண்ணை மூடிவிட்டேன். அதிகாரி சொன்னார்: "பாஸ். அதிருக்க, போனமுறை இவ்வளவு கதைச்சனீர், இந்தமுறை ஒரு சொல்லும் இல்லை. என்னோடை ஏதும் கோபமோ?"

வேலணைச் சந்தி

திரும்பி வரும்போது மனோன்மணி சந்தியில் குடையோடு நின்றார். சின்னராசா லொறியை ஓரத்தில் அழகாக நிறுத்தினார். பாஸ் என்று மனைவிக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

மனோன்மணி ஏறி, தன் வழமையான இடத்தில் இருந்தார். குடையை மடியில் நிமிர்த்தினார். பழக்கதோஷத்தில் முகத்தை அதிகாரியைப் போல வைத்தார். லொறி புறப்பட்டது. கொஞ்சத் தூரம் போனதும் குடையைக் காலடியில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "இஞ்சருங்கோ, இனி நான் கதைக்கலாமோ?"

சாரதி லைசென்ஸில் ஒரேயொருவருடைய படம் ஒட்டத்தான் இடம் விடுகிறார்கள் என்பது இத்தனை வருடத் தொழிலில் நான் கண்ட பெரிய குறை.