மஞ்சள் துணிக்குள் ஒரு கலங்கரை விளக்கம்

துபாய்க்கு வேலைக்குப் போன என் மகன், தன் கம்ப்யூட்டரை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடுகள். கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அதன்மேல் தூசி படக் கூடாது, வெயில் படக் கூடாது, மின்சாரம் ஏறி இறங்கக் கூடாது. அவனைக் கைக்குழந்தையாக வளர்த்தபோதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

சும்மா கிடந்தால் இயந்திரம் கெட்டுவிடும் என்று நான் போனில் புலம்பிக்கொண்டே இருந்ததால், அடுத்த வருஷம் அவன் ஒரு விளையாட்டை அனுப்பிவைத்தான். துபாயில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்ததாம். அதில் படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரு பத்தி வரும். நீ ஒரு தீவின் கரையில் நிற்கிறாய், வடக்கே ஒரு கலங்கரை விளக்கம் தெரிகிறது என்று சொல்லும். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை நாம் அடிக்க வேண்டும். 'வடக்கே போ' என்று அடித்தால் வடக்கே இருப்பதை வர்ணிக்கும். 'கயிற்றை எடு' என்றால், எடுத்தாயிற்று என்னும். கதைப் புத்தகம்தான், ஆனால் நாம் சொன்னால்தான் பக்கம் நகரும். தீவைவிட்டு எப்படித் தப்பிப்பது என்பதுதான் கதை.

விளையாட்டு முழுவதும் ஒரே ஃபிளாப்பியில் அடங்கிவிட்டது. அட்டைப்பெட்டியோ பட்டுப்புடவைப் பெட்டி அளவு இருந்தது. மிச்ச இடத்தில் கதைக்குத் தோதான சாமான்களை வைத்திருந்தார்கள். தீவின் வரைபடம், விளக்கு காத்தவன் தன் தங்கைக்கு எழுதிய கடிதம், பாதி கிழிந்த மாதிரியே அச்சடித்த படகுச் சீட்டு, பொட்டலத்தில் கொஞ்சம் மணல், ஒரு பித்தளைக் காசு. எல்லாம் வெறும் அலங்காரம் இல்லை. விளையாட்டு நடுநடுவே இவற்றைப் பற்றிக் கேள்வி கேட்கும். ஃபிளாப்பியை யாரும் நகல் எடுத்துவிடலாம், பித்தளைக் காசை எடுக்க முடியாதல்லவா.

நான் கூட்டுறவுப் பண்டகசாலையில் இருப்புச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன். பெட்டியைத் திறந்ததும் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எண்ணினேன். ஃபிளாப்பியோடு சேர்த்து ஆறு. பெட்டியின் முதுகில் போட்டிருந்ததும் ஆறு. காசில் ஒரு கலங்கரை விளக்கம் இருந்ததைப் பார்த்தேன். கணக்கு நேராகிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். ஆங்கிலம் நடத்தியவர். சாயங்காலம் பேப்பர் வாங்கிப்போக வந்தவர் திரையைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றுமுதல் அவர் பேப்பர் வாங்க வரவில்லை, விளையாட வந்தார். முதல் நாள், 'அந்தப் பாறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தயவுசெய்து பார்த்துச் சொல்ல இயலுமா' என்று, காற்புள்ளி தவறாமல் ஆங்கிலத்தில் அடித்தார். எனக்கு விளங்கவில்லை என்றது திரை.

"என்னவே, இதுக்கு மரியாதைன்னா என்னன்னே தெரியலையே."

"அதுக்கு ரெண்டு வார்த்தைதான் தாங்கும், சார்வாள். சுருக்கமா அடியும்."

"பிள்ளேளுக்கு முழு வாக்கியம் எழுதணும்னு பிரம்பெடுத்துச் சொல்லிக்குடுத்தவன் நான். இப்ப போ, வா, எடுன்னு அடிக்கணுமாக்கும்."

அடித்தார். இரண்டு வாரத்தில் என்னைவிட வேகமாக அடித்தார். கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏறியது அவர் யோசனை. மணல் பொட்டலத்தின் நிறத்தை வைத்துச் சரியான குகையைக் கண்டுபிடித்தது நான்.

அவருக்கு ஒரு கெடு இருந்தது. மே மாதக் கடைசியில் வீட்டை விற்றுவிட்டு, பெங்களூரில் இருக்கும் மகனோடு போய்த் தங்கப்போகிறார். திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. "அதுக்குள்ள இந்தத் தீவ விட்டு வெளியேறிரணும் வே," என்பார். "பாதியில விட்டுட்டுப் போனா எனக்கு அங்கன தூக்கம் வராது." எனக்கும் இங்கே வராது என்பதை நான் சொல்லவில்லை.

ஏப்ரலில் தெற்குக் கரையை அடைந்தோம். அங்கே ஒரு படகுக்காரன். 'என் முதலாளியின் காசு உன்னிடம் இருக்கிறதா? அதன் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது, சொல். ஏற்றிக்கொள்கிறேன்' என்றான்.

பெட்டியைத் திறந்தேன். கம்ப்யூட்டருக்குள் இருந்த ஃபிளாப்பியோடு சேர்த்தும் ஐந்துதான் வந்தது.

மேசைக்கு அடியில், மெத்தைக்கு அடியில், அரிசிப் பானைக்குள்கூடத் தேடினேன். சத்தம் கேட்டு என் மனைவி வந்தாள். "என்னத்தத் தேடுதீங்க?"

"ஒரு பித்தளைக் காசு. விளக்கு போட்டிருக்கும்."

"அதா. அது முருகனுக்கு முடிஞ்சாச்சே," என்று பூஜை அலமாரியைக் காட்டினாள். திருச்செந்தூர் முருகன் படத்தடியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருந்தது.

துபாயில் எங்கள் மருமகள் பிள்ளைத்தாய்ச்சி. நல்லபடியாகப் பெற்று எழுந்தால் திருச்செந்தூர் உண்டியலில் காசு போடுகிறேன் என்று நேர்ந்து, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறாள். பிள்ளை அந்த ஊரில் பிறக்கப்போகிறது, ஆகவே காசும் அந்த ஊர்க் காசாக இருப்பதுதான் முறை என்பது அவள் கணக்கு. மகன் அனுப்பிய பெட்டியிலிருந்து வந்த காசு வேறு எந்த ஊர்க் காசாக இருக்க முடியும்?

"அது காசே இல்ல. விளையாட்டுச் சாமான்," என்றேன்.

"நான் காசுன்னு நெனச்சுல்லா முடிஞ்சேன். அது முருகனுக்குத் தெரியும்."

"ஒரு நிமிஷம் அவுத்துப் பாத்துட்டு, திரும்ப முடிஞ்சிருவோம்."

"நேந்து முடிஞ்சத இடையில அவுப்பாங்களா? பிள்ள பொறக்கட்டும். சன்னதியிலதான் அவுக்கணும்."

வயிற்றுப்பிள்ளைக்காரி விஷயத்தில் நான் மேலே பேசவில்லை. பேசியிருந்தால் அன்று இரவுச் சாப்பாடு கிடைத்திருக்காது என்பது ஒரு பக்கம். பிரசவத்தில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அந்த முடிச்சு என் கண்முன்னால் ஆயுசுக்கும் தொங்கும் என்பது மறுபக்கம்.

தலைமையாசிரியர் அவ்வளவு சீக்கிரம் விடுகிறவர் இல்லை. முடிச்சை அவிழ்க்கத்தானே கூடாது, துணிமேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் காசின் உருவம் பதியும் என்றார். அவள் கொல்லையில் துணி காயப்போடுகிற நேரம் பார்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தோம். துணி எட்டு மடிப்பு மடித்திருந்ததால் தாளில் கரிதான் விழுந்தது. நிமிர்ந்தால் கதவருகில் அவள்.

"அண்ணாச்சி, சாமி முடிச்சுல என்ன படமா வரையுதீங்க?"

"இல்ல மதினி, சும்மா தூசி தட்டினேன்."

"பென்சிலு வச்சா?"

அன்றுமுதல் முடிச்சு, என் கைக்கு எட்டாத ஆணிக்குப் போய்விட்டது.

ஊகித்துப் பார்த்தோம். நங்கூரம், கப்பல், மீன், ராஜா தலை, ராணி தலை, சூரியன். அறுபத்து நான்கு வார்த்தைகள். படகுக்காரன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தான். மே மாதம் பிறந்துவிட்டது.

அப்போதுதான் மகன் போனில் ஒரு செய்தி சொன்னான். அந்தக் கம்பெனிக்காரர்கள் பழைய விளையாட்டுகள் பத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரே பெட்டியாக மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்களாம். கூட வந்த சாமான்களும் அதில் இருக்கின்றனவாம். அவனோடு வேலை செய்யும் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் விடுமுறையில் வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றான்.

அவர் வந்து இறங்கிய மறுநாளே நானும் தலைமையாசிரியரும் திருச்செந்தூர் ரயிலேறிக் காயல்பட்டினத்தில் இறங்கிவிட்டோம். மனுஷர் இன்னும் பெட்டிகளைக்கூடப் பிரித்திருக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்து உபசரித்து, பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"உடஞ்சிராம கொண்டு சேருங்கன்னு உங்க மவன் மூணு வாட்டி சொன்னாரு. கண்ணாடிச் சாமானோன்னு பிளேன்ல மடியிலயே வச்சிட்டு வந்தேன்."

வீடுவரை பொறுக்க முடியாமல் அங்கேயே பிரித்தோம். ஃபிளாப்பிகள் ஒரு கட்டு. தடித்த புத்தகம் ஒன்று. அவ்வளவுதான். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன், ஒன்றும் விழவில்லை. சாமான்கள் எல்லாம் இருக்கத்தான் செய்தன, புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படங்களாக. எண்ணினேன், பத்து விளையாட்டுக்கும் சேர்த்து நாற்பத்து மூன்று. கையில் எடுக்கும்படியாக ஒன்றுகூட இல்லை. கல்யாணப் பந்தியில் இலையைப் போட்டு, அவியலையும் பச்சடியையும் பாயசத்தையும் படமாக ஒட்டிவைத்த மாதிரி இருந்தது.

"மணலப் படம் பிடிச்சிருக்கான் வே," என்றார் தலைமையாசிரியர். "கறுப்பா ஒரு சதுரம். இதுல என்னத்தப் பாக்க?"

"மணலா வேணும்?" என்றார் வீட்டுக்காரர், ஒன்றும் புரியாமல். "கடக்கரையில கெடக்குதே. எம்புட்டு வேணும் சார்?"

எங்கள் தீவின் பக்கத்தைத் தேடி எடுத்தோம். வரைபடம் இருந்தது. கடிதம் இருந்தது. காசும் இருந்தது, கலங்கரை விளக்கம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் ஒரு பக்கம்தான். மற்றப் பக்கத்தைப் படம் பிடிக்கவே இல்லை.

திரும்புகிற ரயிலில் தலைமையாசிரியர் அந்தக் கம்பெனிக்கு ஒரு கண்டனக் கடிதத்தை வாயாலேயே இயற்றிக்கொண்டு வந்தார். பொறுப்பில்லாத பதிப்பு, வாசகனை ஏமாற்றும் செயல். ஆறுமுகநேரியில் தொடங்கிய வாக்கியம் ஸ்ரீவைகுண்டத்தில்தான் முடிந்தது. நான் நடுவில் குறுக்கிடவில்லை, ஆத்திரம் எனக்கும் இருந்தது.

மே பன்னிரண்டை ஒட்டிப் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம் என்று போன் வந்ததும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, "தீட்டு கழிஞ்ச மறுநாளே திருச்செந்தூர் போவணும்." அப்போது நான் பேத்தியைத்தான் நினைத்தேன். இரண்டாவதாகக் காசை நினைத்தேன். இரண்டுக்கும் நடுவில் அதிக நேரம் ஆகவில்லை.

தலைமையாசிரியரும் வந்தார். கிறிஸ்தவர், ஆகவே நாங்கள் உள்ளே போனபோது அவர் கடற்கரையில் நின்றுகொண்டார். நல்ல கூட்டம். தரிசனம் முடிந்து உண்டியல் முன்னால் மனைவி முடிச்சை அவிழ்த்தாள். காசை உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டினாள்.

"பாத்துக்கிடுங்க. பின்ன காட்டலன்னு சொல்லப்படாது."

திருப்பினேன். பின்பக்கம் வழவழவென்று இருந்தது. மஞ்சள்தான் மூடியிருக்கிறது என்று கட்டைவிரலால் தேய்த்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு எழுத்து இல்லை. பின்னால் நின்றவர் முதுகில் இடித்தார். மனைவி காசை வாங்கி உண்டியலில் போட்டாள்.

வெளியே வந்ததும் தலைமையாசிரியர் ஓடிவந்தார். "என்னவே இருந்துது?"

"மொட்டையா இருக்கு. அச்சடிக்காத காசு நமக்கு வந்து வாச்சிருக்கு."

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். ரயிலேறியதும் கண்ணை மூடிக்கொண்டார். நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். துபாய்க் கடைக்காரனை, அச்சடித்தவனை, பெட்டியில் போட்டவனை ஒவ்வொருத்தனாகத் திட்டினேன். குரும்பூர் தாண்டியதும் அவர் என் தொடையில் ஓங்கி அடித்தார்.

"வே, அந்தப் புஸ்தகத்துக்காரன் ஏன் ஒரு பக்கத்த மட்டும் போட்டான்?"

"பொறுப்பில்லாதவன்னு நீருதான சொன்னீரு."

"மறுபக்கத்துல படம் பிடிக்க ஒண்ணும் இல்ல, அதான். எல்லாக் காசும் மொட்டைதான். படகுக்காரன் அதத்தான் கேக்குதான்."

மனைவி ஜன்னலோரம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "இத்தன நாளும் இல்லாத ஒண்ணுக்கா அந்தப் பாடு படுத்தினீங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம். ஒன்றுமில்லை என்பதற்கான ஆங்கில வார்த்தையை அவர் அடித்தார். படகுக்காரன் தலையை ஆட்டவில்லை. 'பார்த்தவன்தான் இதைச் சொல்வான், ஏறு' என்றான். தலைமையாசிரியர் எழுந்து எனக்குக் கைகொடுத்தார். என் மனைவி மூன்று தம்ளர் காப்பி கொண்டுவந்தாள்.

மறுகரையில் இறங்கிப் பார்த்தால் அதற்கப்பால் இன்னொரு ஊரே கிடந்தது. விளையாட்டில் அப்போதுதான் பாதியைத் தாண்டியிருந்தோம். அவர் புறப்பட இரண்டு நாள் இருந்தது, சாமான் கட்டுவதிலேயே அது போய்விட்டது.

லாரி வருவதற்குமுன் ஒப்பந்தம் செய்துகொண்டோம். புதுப்பெட்டியை அவர் பெங்களூருக்கு எடுத்துப்போவார். அங்கே மகன் வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும், சர்ச்சுக்குப் போய்வந்ததும் போன் செய்வார். போனில் பேசிப் பேசி இருவரும் சேர்ந்தே நகருவோம். அதுவரை ஒருவரும் மறுகரையைவிட்டு ஓர் அடி எடுத்துவைக்கக் கூடாது.

"வாக்குல நிப்பீரா?" என்று கேட்டார்.

"நீரு நிப்பீரான்னு பாரும்," என்றேன்.

முதல் ஞாயிறு பதினோரு மணிக்கு மணி அடித்தது. வீடு எப்படி, தண்ணீர் எப்படி, முட்டி வலி எப்படி என்று நான் கேட்டேன். பேத்திக்கு என்ன பேர் வைத்தார்கள் என்று அவர் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கரையிலதான நிக்குதீரு?"

"கரையிலதான். நீரு?"

"நானும் அங்கனயேதான். ஒரு அடி எடுத்து வைக்கல. ஆரம்பிப்பமா?" ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. "பைய போவும், என்ன. அந்தக் கிணத்துல மட்டும் இறங்கிராதேயும். கயிறு அறுந்துரும்."

"எந்தக் கிணறு வே? முதல் கிணறா, ரெண்டாவது கிணறா?"

பெங்களூரில் தட்டுகிற சத்தம் சட்டென்று நின்றது. லைன் போய்விட்டதோ என்று போனைக் குலுக்கினேன்.

"ரெண்டாவது கிணறு எங்கவே இருக்கு?" என்றார்.