தானியக் கம்பனி வேலை

விஸ்கி வடிக்கிற தொழிலில், இன்றைக்கு வடித்ததைப் போத்தலில் அடைக்கிற நாள் வரும்போது வடித்தவனின் பிள்ளைக்கு மீசை முளைத்திருக்கும். பொறுமை உள்ளவர்களுக்கும் மூக்கு உள்ளவர்களுக்கும் ஏற்ற தொழில். வெட்கம் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. எனக்கு அது நிறைய இருந்தது. செய்கிற வேலையை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் விழுங்கியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது.

ஆறாம் மாடி அன்ரி

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மட்டக்களப்பிலிருந்து ரொறன்ரோ வந்து சேர்ந்தேன். அடுத்த வருடம் கிடைத்த முதல் நிரந்தர வேலை, நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு குடும்ப வடிசாலையில். பீப்பாக்களை உருட்ட வேண்டும், அடுக்க வேண்டும், எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். முதலாளி ஆர்தரின் தாத்தா கென்டக்கியிலிருந்து வந்தவர். சோளத்தில் அவர் வடிக்கத் தொடங்கியது போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கிதான். அமெரிக்காவுக்கு வெளியே அந்தப் பெயரைப் போடக்கூடாது என்பதால் லேபிளில் விஸ்கி, வீட்டுக்குள் போர்பன். ஆக, பெயரை மறைக்கிற பழக்கம் நான் போகும் முன்பே அங்கே இருந்தது.

என் கதை வேறு. என் தாத்தாவும் ஊரில் சாராயம் வடித்தவர். அந்த மணத்தால் பள்ளிக்கூடத்தில் பட்ட கேலி தாங்காமல் அப்பா இளவயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி, தபால் கந்தோரில் கிளாக்கர் ஆனார். பிறகு தாத்தாவின் படலையைத் தாண்டவில்லை, செத்தவீட்டுக்கும் போகவில்லை. எங்கள் வீட்டில் இருமல் மருந்துகூட அவர் மணந்து பார்த்த பிறகுதான் உள்ளே வரும். அவருக்கு என்னவென்று எழுதுவது? “தானியக் கம்பனியில் வேலை” என்று எழுதினேன். முழுப்பொய்யும் இல்லை. வடித்த பிறகு மிஞ்சும் சோளச் சக்கை நகரத்துக்கு வெளியே விட்பி ஊர்ப் பக்கத்து மாட்டுப் பண்ணைகளுக்குப் போகும்.

ரொறன்ரோவில் உள்ள எங்கள் ஆட்களுக்கும் அதே பதில்தான். ஆனால் மணத்தை என்ன செய்வது? சட்டையில், தலைமயிரில், சாப்பாட்டுப் பெட்டியில் எல்லாம் அது ஏறிவிடும். நான் ஒரு சொட்டும் வாயில் வைத்ததில்லை. வேலையைச் சொன்னால் குடிகாரன் இல்லை என்று நிரூபிக்கலாம், சொல்லாவிட்டால் குடிகாரன். யோசித்துப் பார்த்துக் குடிகாரனாகவே இருந்துவிட்டேன். எங்கள் கட்டடத்து ஆறாம் மாடி அன்ரி ஒருநாள் லிஃப்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “தம்பி, பொழுதுபட முன்னமே தொடங்கியாச்சோ? ஊரில கொம்மா அறிஞ்சா என்ன பாடுபடுவா!”

கற்பூரம்

பழைய செப்புக் கொதிகலனை மாற்றிப் புதிதாக ஒன்று பொருத்தினார்கள். ஆர்தரின் குடும்பம் முழுவதும் நல்ல உடுப்பு உடுத்தி வந்து நின்றது. புதுக் கார் வாங்கினால் நாங்கள் என்ன செய்வோம்? சந்தனம் வைப்போம், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைப்போம், கற்பூரம் காட்டுவோம். வெளியில் சொல்லக் கூசும் தொழில்தான், இருந்தாலும் புதுச் சாமானைச் சும்மா தொடங்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாரும் கை தட்டிக்கொண்டு நின்ற நேரம் மெல்லப் பின்பக்கம் போய்ச் சந்தனப் பொட்டு வைத்து, அடியில் தேசிக்காயும் வைத்தேன். கற்பூரத்தை ஒரு தட்டில் போட்டு நெருப்புப் பெட்டியை எடுத்தேன்.

முதல் வடி ஓடிக்கொண்டிருந்தது. அறை முழுக்கச் சாராய ஆவி. எழுபது தாண்டிய ஆர்தர் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நெருப்புப் பெட்டி ஒரு பக்கம், கற்பூரம் ஒரு பக்கம்.  தலையைக் குனிந்துகொண்டு விளக்கம் சொன்னேன். அவர் மூச்சு வாங்கியபடி தேசிக்காயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சந்தனப் பொட்டை அழிக்கவில்லை. “வேண்டிக்கொண்டது சரி,” என்றார், “ஆனால் உன் கடவுளுக்கு எங்கள் குடும்பம் மொத்தமும் ஒரே நாளில் தேவையா?”

சுவரில் மூன்று பேர்

ஆர்தரின் கந்தோர்ச் சுவரில் மூன்று படங்கள் தொங்கின: அவருடைய தாத்தா, அப்பா, கடைசியில் அவர். நாலாவதாக மகன் டேவிட்டுக்கு ஒரு ஆணி அடித்து வைத்திருந்தார். இப்போது விற்பது அப்பா நிரப்பிய பீப்பா, தான் நிரப்பியதை டேவிட் விற்பான் என்பதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். தகப்பனும் மகனும் ஒருவர் பேரை ஒருவர் காப்பாற்றினால்தான் இந்தத் தொழில் நிற்கும் என்பது அவர் கட்சி.

ஒரு கிறிஸ்மஸ் விருந்தில் அந்தப் படங்களுக்குக் கீழே நின்று, “உன் தாத்தா என்ன தொழில் செய்தார்?” என்று என்னைக் கேட்டார். உலகத்திலேயே அந்த உண்மையைச் சொல்லிப் பாராட்டு வாங்கக்கூடிய ஒரே இடம் அதுதான். என் நாக்கு பழக்கதோஷத்தில், “பள்ளிக்கூட வாத்தியார்” என்றது.  ஊரில் ஒரு மனிதரை மகன் கைவிட்டான், இங்கே பேரனும் கைவிட்டான். ஆர்தர் என் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்: “பரவாயில்லை, எல்லாருக்கும் எங்களைப் போலப் பெருமைப்படுகிற மாதிரித் தாத்தா கிடைப்பதில்லை.”

தேசிக்காய்த் தண்ணீர்

கோடையில் கோயில்காரர் ஒரு பூங்காவில் அன்னதானம் வைத்தார்கள். தேசிக்காய்த் தண்ணீர் கரைக்கப் பெரிய ஏனம் இல்லை என்று தலையைச் சொறிந்தார்கள். தானியக் கம்பனிக்காரன் அல்லவா, பீப்பா கொண்டுவருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். வடிசாலையில் வெறுமையான இரண்டு பீப்பாக்களை வாங்கி, வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டு, கை நோக உரைஞ்சிக் கழுவினேன்.

ஆனால் ஓக் பலகை குடித்ததை லேசில் விடாது. வெயில் ஏற ஏற உள்ளே ஊறியிருந்தது மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. ஒரு தரம் குடித்தவர்கள் திரும்பவும் வரிசையில் வந்து நின்றார்கள். வழக்கமாக ஒருவரோடு ஒருவர் முகம் கொடுக்காத இரண்டு நிர்வாகசபைக்காரர் தோளில் கை போட்டுக்கொண்டு தேவாரம் பாடினார்கள். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே என்னைத் தேடிப்பிடித்த கோயில் தலைவர் அண்ணை சொன்னார்: “தம்பி, வாற வரியமும் தண்ணி உம்மட பொறுப்புத்தான். உந்தக் கைப்பக்குவம் வேற ஆருக்கும் வராது.”

டேவிட்டின் மின்ட்

டேவிட் எங்கள் கட்டடம் தாண்டி மார்க்கம் நகரில் வீடு வாங்கியிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை பனி கொட்டியதால் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டான். புறப்படும் முன் சட்டை மாற்றினான், கழுத்தில் வாசனைத் தண்ணீர் அடித்தான், வாயில் மின்ட் போட்டான். எங்கே விருந்து என்று கேட்டேன். விருந்து இல்லை, மாமியார் வந்திருக்கிறார் என்றான். மதுவை அடியோடு வெறுக்கிற தேவாலயத்தைச் சேர்ந்த அம்மாவாம்.

எனக்கு ஒரு நிமிடம் ஆனந்தமாக இருந்தது. அடுத்த நிமிடமே கந்தோர்ச் சுவரில் காத்திருக்கும் ஆணி ஞாபகம் வந்து, அவனுக்கும் சேர்த்து வெட்கப்பட்டேன். மாமியாரிடம் என்ன வேலை என்று சொல்லியிருக்கிறாய் என்றேன். டேவிட் ரோட்டைப் பார்த்துக்கொண்டே எனக்கும் ஒரு மின்ட் நீட்டினான்: “தானிய வியாபாரம்.”

அப்பா

எண்பதுகளின் கடைசியில் அப்பா வந்தார். அவர் விமானம் இறங்குகிற அன்றுதான் ஒரு பீப்பா வெடித்து என்னைக் குளிப்பாட்ட வேண்டுமா? உடுப்பு மாற்ற நேரமில்லாமல், கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு ஓடினேன். அப்பா லேசில் ஒருவரையும் தொடமாட்டார். அன்று என்னைக் கட்டிப்பிடித்தவர் விடவேயில்லை. பாவம், குளிர் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அதன் பிறகு தினமும் வேலையால் வந்ததும் நேரே குளியலறைதான். சவர்க்காரம் போட்டுத் தோல் உரியத் தேய்த்த பிறகுதான் அவர் முன்னால் வந்து நிற்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போகும்போது வேலை செய்யும் இடத்தைக் காட்டச் சொன்னார். இன்றைக்குப் பூட்டு என்றேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “வடிசாலைக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது மனே, நெருப்பு அணைக்கமாட்டாங்களே” என்றார்.  அடுத்த சந்தியில் வண்டியை வடிசாலைப் பக்கம் திருப்பினேன்.

ஆர்தர் அப்பாவைக் கந்தோருக்குள் கூட்டிப்போய் மூன்று படங்களையும் காட்டினார். “உங்கள் தகப்பனார் ஆசிரியராமே” என்று மரியாதையாகச் சொன்னார். பூமி பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது எனக்கு. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, தபால் கந்தோர் ஆங்கிலத்தில், “இல்லை ஐயா, அவர் சாராயம் வடித்தவர். எங்கள் பகுதியில் அவர் கைக்கு நிகரில்லை” என்றார். தாத்தாவைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை. ஆர்தர் என் பக்கம் திரும்பினார்: “இதை முதல் நாளே சொல்லியிருந்தால் உன்னைப் பீப்பா உருட்ட விட்டிருப்பேனா, மடையா?”

திரும்பி வரும்போது, எப்போது தெரியும் என்று மெல்லக் கேட்டேன்.  கட்டடத்து வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்: “எயார்போட்டில உன்னக் கட்டிப்பிடிச்ச உடன. அது என்ட அப்பாட மணம் மனே. அவரக் கடைசியாக் கட்டிப்பிடிக்காம விட்டுட்டன். அதுதான் அண்டைக்கு உன்ன விட மனம் வரல்ல.”

வெட்கப்பட்டு வெட்கப்பட்டு நான் தேய்த்த சவர்க்காரம் எல்லாம் வீணாய்ப் போயிற்று, நல்ல வேளையாக.